தறி நிற்கும் நேரம்: மென்பொருள் வேலை பற்றிய வாசகர் கேள்விகள்

மென்பொருள் எழுதும் வேலையில் நேரம் எங்கே கரைகிறது, அதை எப்படி மீட்பது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்த கடிதங்களே அதிகம் என்பதால், இம்மாதப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயரையும் அவர்களுடைய நிறுவனங்களின் பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐயா, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருக்கிறேன். அன்று எழுதியது என்ன என்று பார்த்தால் முப்பது, நாற்பது வரிதான் தேறுகிறது. பில்ட், அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவில் தொகுத்துச் சோதிக்கும் வேலை, ஒரு தடவை ஓட 12 நிமிடம் ஆவதால், பகலெல்லாம் எழுதிவிட்டு மாலையில் மொத்தமாக ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். தட்டச்சுப் பயிற்சிக்குப் போனால் வேகம் கூடுமா?
— பொறியாளர், ஜாகீர் அம்மாபாளையம்

பதில்: நாற்பது வரியை அடிக்க, ஒற்றை விரலால் அடிப்பவருக்கும் அரை மணி நேரம் போதும். மீதிப் பத்து மணி நேரத்தை விரல்கள் தின்னவில்லை என்பதால், தட்டச்சு வகுப்புக்குக் கட்டும் பணம் வீண்.

முதலில் மூன்று நாளைக்கு ஒரு காகிதக் குறிப்பேடு வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு முறை ஓர் எழுத்தை மட்டும் குறியுங்கள்: எழுதினால் 'எ', படித்தால் 'ப', காத்திருந்தால் 'கா', முன்பே செய்ததை மறுபடி செய்தால் 'ம'. கூட்டங்கள்தாம் என் நாளைக் கெடுக்கின்றன என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்; குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தபோது வரிசை கட்டி நின்றவை 'கா'வும் 'ம'வும்தாம். அவற்றிலும் 'ம' என்பது பெரும்பாலும் முந்தைய 'கா'வின் பிள்ளையாகவே இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

நான் வளர்ந்தது அம்மாபேட்டையில். பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. அந்தச் சத்தம் காதுக்குப் பழகிப்போனதால், தறி ஓடும்போது நன்றாகத் தூங்குவோம். ஒரு தறி நின்றுவிட்டால்தான் விழிப்பு வரும். நின்ற தறியிடம் நெசவாளர் உடனே போவார். பாவில் ஓர் இழை அறுந்திருக்கும். அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, ஓட விட்டுவிடுவார். இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால், துணி நெடுகிலும் ஓர் இழை இல்லாத கோடு விழும். அதைப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. 1924ஆம் ஆண்டில் ஜப்பானில் சகிச்சி டொயோடா உருவாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறியின் சிறப்புகளுள் ஒன்று, இழை அறுந்தால் தானே நின்றுவிடுவது. அதே எண்ணத்தை அவர் குடும்பம் பின்னர் தொடங்கிய டொயோட்டா கார்த் தொழிற்சாலை எடுத்துக்கொண்டு, பிழை கண்ட இடத்தில் உற்பத்தி வரிசையையே நிறுத்தும் பழக்கமாக வளர்த்தது. மென்பொருள் குழுக்கள் இன்று பேசும் பல நடைமுறைகளின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் செய்வது, இழை அறுந்த தறியைக் காலையிலிருந்து மாலை வரை ஓடவிட்டு, எட்டு முழம் நெய்த பிறகு துணியைப் பிரித்துப் பார்ப்பது. காலை பத்து மணிக்குச் செய்த ஒரு தவற்றின் மேல் பதினொரு மணி வேலையும் மூன்று மணி வேலையும் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. மாலையில் பில்ட் சிவப்பாக, அதாவது பிழையோடு, வந்தால் எந்த இழை என்று உங்களுக்கே தெரியாது. ஆகவே எழுதும் வேகத்தை விட்டுவிடுங்கள். ஒரு மாற்றத்தைச் செய்வதற்கும் அது சரியா என்று தெரிவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அளந்து, அதைக் குறையுங்கள்.

12 நிமிடத்தை எப்படிக் குறைப்பது? பில்ட் எதற்காக அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அதன் பதிவைத் திறந்து பாருங்கள். பல இடங்களில், மாறாத கோப்புகளையும் சேர்த்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொகுத்துக்கொண்டிருப்பார்கள். மாறியதை மட்டும் தொகுக்கும் வழி பழையது: 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' என்ற கருவி, கோப்புகளின் கடைசி மாற்ற நேரத்தை ஒப்பிட்டு, எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறது. அது பிறந்த கதையும் உங்கள் கதைதான். அவருடைய சக ஊழியர் ஒருவர், பிழையைத் திருத்திவிட்டு அந்தக் கோப்பை மறுபடி தொகுக்க மறந்து, சரியாக இருந்த நிரலிலேயே ஒரு காலை முழுவதும் பிழை தேடிவிட்டு, எரிச்சலோடு ஃபெல்ட்மன் அறைக்கு வந்தாராம். அந்த எரிச்சலிலிருந்துதான் கருவி வந்தது.

உங்கள் மொழிக்கும் பில்ட் கருவிக்கும் இதற்கான அமைப்பு நிச்சயம் இருக்கும். அதைத் தேடி இயக்குங்கள். அதற்குப் பிறகும் மொத்த பில்டை நீங்கள் ஓட்ட வேண்டியதில்லை, அதைச் சர்வர் ஓட்டட்டும். உங்கள் மேசையில், நீங்கள் கைவைத்த பகுதிக்கான சோதனைகள் மட்டும், கோப்பைச் சேமித்தவுடன் தாமாக ஓடும்படி வையுங்கள். 12 நிமிடம் என்பது டீக்கடைக்குப் போய், அங்கே ஒருவரைப் பார்த்து, எதற்காக எழுந்து வந்தோம் என்பதையே மறந்துவிடும் நேரம். பத்து வினாடி என்பது கண் திரையை விட்டு அகலாத நேரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எழுபது மடங்கு மட்டும் அல்ல.

கேள்வி: விம் நல்லதா, வி.எஸ். கோட் நல்லதா?
— கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: இரண்டும் நிரல் எழுதும் எடிட்டர்கள்தாம்; கைக்குப் பழகியது எதுவோ அது. இந்தச் சண்டையில் நான் செலவிட்ட மாலைகளைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு மொழியே கற்றிருப்பேன். எதை வைத்திருந்தாலும், ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) வரையறுக்கப்பட்ட இடத்துக்குத் தாவுவது, அது எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று பார்ப்பது, அதன் பெயரை எல்லா இடத்திலும் ஒரே தடவையில் மாற்றுவது ஆகிய மூன்றையும் சுட்டியைத் தொடாமல் செய்யப் பழகுங்கள். டெர்மினலில் கன்ட்ரோலோடு ஆர் விசையை அழுத்தினால் முன்பு அடித்த கட்டளைகளைத் தேடலாம் என்பதையும் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், மின்சாரமும் அதோடு இணையமும் போய்விடும். நிறுவனத்தின் சர்வரில் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மலையை விட்டு இறங்கிவிடலாமே என்கிறார்கள் வீட்டில்.
— வாசகர், நாகலூர்

பதில்: இறங்க வேண்டாம். அறுவது உங்கள் வீட்டுக் கம்பி. சர்வரில் ஓடும் வேலையும் ஏன் அறுகிறது என்றால், அதை உங்கள் இணைப்பின் நுனியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். சர்வரில் நுழைந்தவுடன் முதல் வேலையாக 'டிமக்ஸ்' என்ற கருவியைத் திறந்து, அதற்குள் உங்கள் கட்டளையை ஓட்டுங்கள். இணைப்பு போனாலும் அந்த அமர்வு சர்வரில் உயிரோடு இருக்கும். மின்சாரம் வந்த பிறகு நுழைந்து, 'டிமக்ஸ் அட்டாச்' என்று சொன்னால், விட்ட இடத்தில் திரை அப்படியே விரியும்.

அடுத்தது, ரூட்டர். மடிக்கணினிக்குத்தான் மின்கலம் இருக்கிறதே. மின்சாரம் போனவுடன் சாகிறது ரூட்டர்தான். பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே கையகல மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஃபைபர் இணைப்பு என்றால், சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். கம்பியே அறுந்து விழுந்த நாளில் இவை உதவா. அன்றைக்குக் கைப்பேசியின் இணையம்தான்.

இணையமே இல்லாமலும் செய்யக்கூடிய வேலை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியை எழுதத் தொடங்கியபோது, லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திவந்த கருவியின் இலவச உரிமம் கைவிட்டுப் போயிருந்தது. யாரோ ஒருவருடைய சர்வரை நம்பி நிற்காத வகையில், திட்டத்தின் வரலாறு முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்படி அதை அமைத்தார். எனவே கமிட் செய்ய (ஒரு மாற்றத்தைப் பதிய), பிராஞ்ச் போட (தனிக் கிளை பிரிக்க), போன மாதம் யார் எதை மாற்றினார் என்று பார்க்க, உங்களுக்கு இணையம் வேண்டியதே இல்லை. அனுப்பவும் பெறவும் மட்டும் வேண்டும். பயன்படுத்தும் மொழியின் ஆவணத்தை ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போதும் மடியில் கணினியை வைத்து வேலை செய்யலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு முறை செய்து பார்த்தேன். ஆறாவது வளைவில் மூடிவிட்டேன்.

கேள்வி: ஜவ்வரிசி ஆலைகளுக்கான பில் மென்பொருள் ஒன்றை இரண்டு பேராகப் பராமரிக்கிறோம். சில பில்களில் மொத்தத் தொகை ஒரு ரூபாய் குறைவாக வருகிறது என்று ஆலைக் கணக்கர் சொல்கிறார். நான்கு மாதத்துக்கு முன்பு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு சுமார் 600 கமிட் போட்டிருக்கிறோம். ஒரு வாரமாக ஒவ்வொரு கோப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறோம், கிடைத்தபாடில்லை.
— வாசகர், குகை

பதில்: படிப்பதை நிறுத்துங்கள். இந்தத் தேடலைக் கணினியிடம் விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துத் தந்துவிடும்.

நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு கமிட் நல்லது, இன்றையது கெட்டது என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் இருக்கும் 300ஆவது கமிட்டை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பிழை அதற்குப் பிந்தைய பாதியில் இருக்கிறது. தவறாக இருந்தால் முந்தைய பாதியில். இப்படி ஒவ்வொரு சோதனைக்கும் சந்தேகப் பட்டியல் பாதியாகிறது: 600, 300, 150, 75, 38, 19, 10, 5, 3, 2, 1. பத்தே சோதனையில் பிழையைக் கொண்டுவந்த ஒற்றைக் கமிட் கையில் நிற்கும். இதற்கென்றே 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. நல்லது, கெட்டது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அடுத்ததை அதுவே எடுத்துத் தரும். தவறான பில் ஒன்றைக் கணக்கிட்டு, விடை சரியென்றால் 0 என்றும் தவறென்றால் 1 என்றும் திருப்பித் தரும் சிறு நிரலை எழுதி 'கிட் பைசெக்ட் ரன்' கட்டளையிடம் கொடுத்துவிட்டால், பத்துச் சோதனைகளையும் அதுவே செய்து முடிக்கும். நடுவில் ஏதாவது ஒரு கமிட் தொகுக்கவே முடியாமல் உடைந்திருந்தால் 125 என்று திருப்பச் சொல்லுங்கள். அதைத் தாண்டிப் போய்விடும்.

முதல் பதிலில் சொன்ன நேரக் கணக்கு இங்கேயும் வருகிறது. உங்கள் கமிட் ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரியத்தைச் செய்யும் சிறு கமிட்டாக இருந்தால், பைசெக்ட் காட்டிய இடத்தில் பத்து வரிதான் இருக்கும். பார்த்தவுடன் பிழை தெரியும். 'வெள்ளிக்கிழமை மாற்றங்கள்' என்ற தலைப்பில் இரண்டாயிரம் வரியை ஒன்றாகப் போட்டிருந்தால், பத்துச் சோதனைக்குப் பிறகும் நீங்கள் மறுபடி படிக்கத்தான் வேண்டும்.

பில்லின் கதையைக் கேட்டால், குற்றவாளி யார் என்று எனக்கு ஓர் ஊகமும் உண்டு. ஒரு பில்லில் மூன்று பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் வரித் தொகை ரூ.10.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழு ரூபாயாக்கினால் 10, 10, 10, மொத்தம் 30. மூன்றையும் கூட்டிய பிறகு முழு ரூபாயாக்கினால் 31.20 என்பது 31 ஆகும். முழுமையாக்கும் இடத்தை யாரோ கூட்டலுக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்தியிருப்பார். பணத்தைப் புள்ளி எண்ணாகச் சேமித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பெரும்பாலான மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் விடை 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரண்டடிமானத்தில் வைத்துக்கொள்வதன் விளைவு அது. பணத்தைப் பைசாவாக, முழு எண்ணில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கணக்கரிடம் நன்றி சொல்லுங்கள். ஒரு ரூபாயைக் கவனிக்கும் கணக்கர் எல்லா மென்பொருளுக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: மடிக்கணினி மிகவும் மெதுவாக இருக்கிறது. புதியது வாங்க அப்பாவிடம் கேட்கலாமா?
— மாணவர், கொண்டலாம்பட்டி

பதில்: கேட்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெதுவாகும் அந்த நேரத்தில் எது நூறு சதவீதத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். வட்டு என்றால், உங்களுடையது சுழலும் வட்டாக இருக்கும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி எடுக்கிறது. வேண்டிய இடம் முள்ளின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றில் பல்லாயிரம் சின்னக் கோப்புகள் இருந்தால், இந்தக் காத்திருப்பே நிமிடக்கணக்கில் சேரும். எஸ்எஸ்டி வட்டில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குக்கு வட்டை மட்டும் மாற்றிவிடலாம். நினைவகம் நிரம்பியிருக்கிறது என்றால் அதைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல், கணினி வாங்கியபோது கூடவே வந்த சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் நுகர்ந்துகொண்டிருந்தால், அதை நீக்கச் செலவே இல்லை.

கேள்வி: ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். எல்லாரும் கடுமையாக உழைக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் நான்கு வேலை ஓடுகிறது. ஆனால் ஒன்றும் முடிவதாகத் தெரியவில்லை. எழுதி முடித்த நிரல் மற்றவர் பார்வைக்காக மூன்று, நான்கு நாள் கிடக்கிறது. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துத் தருவதாக மேலிடம் சொல்கிறது. வாங்கிக்கொள்ளட்டுமா?
— குழுத் தலைவர், அஸ்தம்பட்டி

பதில்: மாலையில் ஒரு தட்டுவடை செட் கடைக்குப் போய் நில்லுங்கள். கடைக்காரர் இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் வைத்து, இரண்டு சட்னியையும் தடவி, நிமிடத்துக்கு மூன்று செட் தருகிறார் என்று கொள்வோம். உங்களுக்கு முன் முப்பது செட் சொல்லியிருந்தால், உங்கள் கைக்கு வரப் பத்து நிமிடம் ஆகும். அவர் ஒரே நேரத்தில் முப்பது தட்டுகளையும் பரப்பி, எல்லாவற்றிலும் முதலில் கேரட்டை மட்டும் வைத்தால் அது இன்னும் மோசம்: ஒன்பதாவது நிமிடம் வரை ஒருவர் கையிலும் ஒன்றும் இருக்காது, கூட்டம் முழுவதும் கடைக்காரரைத் திட்டும்.

1961இல் ஜான் லிட்டில் என்பவர் இந்த உறவைக் கணிதமாக நிறுவினார். உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரி நேரம் வரும். உங்கள் குழுவில் ஆறு பேர் கையில் நான்கு நான்காக 24 வேலைகள். வாரத்துக்கு ஆறு முடிகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேலையும் நான்கு வாரம் கிடக்கும். ஒருவரையும் விரட்டாமல், ஆளுக்கு இரண்டு வேலைக்கு மேல் எடுக்கக்கூடாது என்று மட்டும் வைத்தால், அதே வேகத்திலேயே இரண்டு வாரமாகக் குறையும். உண்மையில் வேகமும் கொஞ்சம் கூடும். நான்கு வேலைகளுக்கு நடுவே தாவும்போது எதை எங்கே விட்டோம் என்று நினைவுக்குக் கொண்டுவரும் உழைப்பு மிச்சமாகிறது.

நிரல் பார்வைக்குக் காத்துக் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. பார்ப்பவருக்கும் நான்கு வேலை இருக்கிறது. அவர் முன்னால் எண்ணூறு வரியைக் கொண்டுவந்து கொட்டினால், 'நாளைக்கு' என்றுதான் சொல்வார். ஐம்பது வரியைக் கொடுத்தால் காப்பி ஆறுவதற்குள் பார்த்துவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், காலையில் வந்தவுடனும் மதியச் சாப்பாடு முடிந்தவுடனும் மற்றவர் நிரலைப் பார்க்காமல் தன் வேலையைத் திறக்கக்கூடாது என்று வைத்தார்கள். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

புதியவர் இருவரைப் பற்றி: ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் பணியில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். ஆறு பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 15. எட்டுப் பேர் என்றால் 28. வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இருக்கும் ஆறு பேர்தாம். கடைசித் தேதி மூன்று மாதத்துக்குள் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு அப்பால் என்றால், முதலில் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, நிலைமை எப்படி என்று பார்த்துக் கேளுங்கள். மேலிடம் தானாக ஆள் தருவது அபூர்வம் என்பதால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. எனக்கும் வந்ததில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவி அரை நிமிடத்தில் இருநூறு வரி எழுதித் தருகிறது. ஆனாலும் வேலை முன்னைவிட வேகமாக முடிவதாகத் தெரியவில்லையே?
— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: நாற்பது வரிப் பொறியாளருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். எழுதும் நேரம் முன்பும் சிறியதாகவே இருந்தது. அது இன்னும் சிறுத்திருக்கிறது. இருநூறு வரியும் சரியா என்று அறியும் நேரம் அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. நீங்கள் எழுதியதென்றால் ஏன் அப்படி எழுதினோம் என்று தெரியும். கருவி எழுதியதை அந்நியர் கடிதம்போல எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு கருவி எனக்கு எழுதித் தந்த நிரலில், தேதியைப் பிரித்துத் தரும் செயற்கூறு ஒன்று மிக அழகான பெயரோடு அழைக்கப்பட்டிருந்தது. அந்த நூலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. இருந்திருக்கலாமே என்று எனக்கே தோன்றும் அளவுக்குப் பொருத்தமான பெயர் என்பதால், பத்து நிமிடம் ஆவணத்தைத் தேடினேன்.

விடை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சோதனைகளை முதலில் நீங்கள் எழுதிவிட்டு, பிறகு கருவியிடம் நிரலைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு செயற்கூறு என்று கேளுங்கள். சோதனை ஓடிப் பச்சையானால் அடுத்ததற்குப் போங்கள். கருவி நன்றாக உதவுவது, எனக்குப் பழக்கமில்லாத பழைய நிரலைக் கொடுத்து, இது என்ன செய்கிறது என்று கேட்கும்போதுதான். அந்த விடையும் தவறாக இருக்கலாம். ஆனால் எங்கே பார்க்கத் தொடங்குவது என்று காட்டிவிடுகிறது.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கிறார். ஒரு சந்தேகம் கேட்டால் மறுநாள்தான் விடை வருகிறது. அதிலும் பாதி, 'நீங்கள் கேட்பது புரியவில்லை' என்று வருகிறது.
— வாசகர், அழகாபுரம்

பதில்: நம் மாலை ஆறரை மணி அவருக்குக் கோடையில் காலை ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. நீங்கள் கிளம்பும்போது அவர் தொடங்குகிறார் என்பதால், ஒரு சுற்றுக் கேள்வி-பதிலுக்கு ஒரு நாள் என்பதை மாற்ற முடியாது. சுற்றுகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க முடியும். 'லாகின் வேலை செய்யவில்லை, பார்க்கவும்' என்று எழுதினால், எந்தப் பயனர், எந்தச் சர்வர், என்ன பிழைச் செய்தி என்று மூன்று நாள் ஓடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'சோதனைச் சர்வரில், கடவுச்சொல்லை இன்று மாற்றிய பயனர்களுக்கு மட்டும் லாகின் தோற்கிறது. பழைய கடவுச்சொல் பத்து நிமிடம் தற்காலிக நினைவகத்தில் தங்குவதே காரணம். அதை உடனே அழிக்கலாம். அல்லது பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாக்கலாம். முதல் வழி நல்லதென்று நினைக்கிறேன். மறுப்பு வராவிட்டால் நாளைக் காலை அதைச் செய்யத் தொடங்குகிறேன்.' அவர் ஒரு சொல்லில் விடை தரலாம். தராவிட்டாலும் உங்கள் நாள் வீணாகாது.

கேள்வி: ஐயா, நான் நாற்பது வருடமாக வெள்ளிக் கொலுசு செய்கிறவன். மகன் மென்பொருள் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறான். பாதி நேரம் விசைப்பலகையைத் தொடாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த நேரத்தில் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். விட்டத்தைப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் தருகிறார்களா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஆமாம் ஐயா, அதற்கும் சேர்த்துத்தான் தருகிறார்கள்.

கொலுசில் ஒரு கண்ணியைப் பொடி வைத்து ஊதும்போது, வாசலில் யார் கூப்பிட்டாலும் நீங்கள் திரும்ப மாட்டீர்கள். திரும்பினால் பொடி உருகி ஓடும் அந்த நொடி தப்பிவிடும். கண்ணி பற்றாமல் போகும், அல்லது அதிகம் காய்ந்து கண்ணியே உருகிவிடும். உங்கள் நெருப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிவதால் வீட்டில் யாரும் குறுக்கே வருவதில்லை. உங்கள் மகன் விட்டத்தைப் பார்க்கும்போது, இந்த எண் எங்கிருந்து வருகிறது, யார் அதை மாற்றுகிறார், மாற்றினால் வேறு எது உடையும் என்று ஏழெட்டுக் கண்ணிகளை மனத்தில் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 'தம்பி, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு' என்ற ஒரு குரலில் அவ்வளவும் சிதறும். மறுபடி கோக்கக் கால் மணி நேரமாவது ஆகும். இந்தப் பகுதியின் தொடக்கத்தில் நின்றுபோன தறியைப் பற்றிச் சொன்னேன். உங்கள் மகனுடைய தறி, சத்தமே இல்லாமல் ஓடுகிற ஒன்று.

அதற்காக எரிந்து விழுவது சரியென்று சொல்ல மாட்டேன்; அவருடைய நெருப்பு கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரிய வேண்டும். காதில் பெரிய ஹெட்போன் போட்டிருந்தால் கூப்பிடக்கூடாது, எடுத்துக் கழுத்தில் போட்டிருந்தால் கூப்பிடலாம் என்று இருவரும் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். கையிலிருக்கும் கண்ணியைப் பற்றவைத்துவிட்டு எழுந்து வருவார். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்கு அவர் வர வேண்டும் என்றால், ஒன்றேகாலுக்கே சீட்டு வைத்துவிடுங்கள்.